இடம் காலியாக இருக்கக் கூடாது

அவர் எங்கள் கல்லூரிக்கு வந்தது எண்பத்தொன்றில் என்று பழைய மாணவர்கள் சொல்கிறார்கள். தவறு. எண்பதில் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து சேர்ந்த மறு வாரம் அது. தேருக்காக எடுத்த விடுப்பு முடிந்து, உதவியாளனான நான் விலங்கியல் ஆய்வகத்தைத் திறந்தேன். ஜன்னலுக்கு வெளியே, மைதானத்தில் ஒருவர் குனிந்தபடி பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். கையில் சுண்ணாம்புப் பொடி வாளி. கழுத்தில் விசில். புதிதாக வந்த பிசிக்கல் டைரக்டர் என்று சொன்னார்கள். ஆளை வைத்து வேலை வாங்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையா, அல்லது சொல்லியும் கேட்கவில்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் இருந்த காலம் முழுவதும் கோடு போட்டது அவர்தான்.

கல்லூரி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. பிறகு பெயரும் நிர்வாகமும் மாறிவிட்டன. பழைய பெயரை எழுதி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருடைய பெயரும் இங்கே வேண்டாம். எல்லோருக்கும் அவர் பி.டி. சார்.

அன்று மாலை அவரே ஆய்வகத்துக்கு வந்தார். பாம்பும் தேளும் மிதக்கும் கண்ணாடிச் சாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர், அலமாரியில் ஒரு சாடிக்கான இடம் வெறுமையாக இருந்ததைக் கண்டு நின்றார்.

"இதுல என்ன இருந்துச்சு தம்பி?"

"ஓணான் சார். சாடி விரிசல் விட்டிருச்சு."

"வேற எதையாவது வைக்க வேண்டியதுதானே?"

"ஓணான் கிடைச்சா வைக்கலாம்."

"ஓணான்தான் வைக்கணுமா? ஏதோ ஒண்ண வைங்க. பாக்க நல்லாவா இருக்கு, பல்லு விழுந்த வாய் மாதிரி."

அடுத்த நாள் காலையில் வந்து பார்த்தால், அந்த இடத்தில் ஒரு பழைய கைப்பந்து உட்கார்ந்திருந்தது. பேராசிரியர் கத்தினார். நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தபோது, "அதுக்குள்ள ஓணான் கிடைச்சிருச்சா?" என்று அக்கறையோடு கேட்டார்.

இதுதான் அவர். ஒரு இடம் காலியாக இருந்தால் அவரால் தாங்க முடியாது. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார். ராணுவத்தில் இருந்தபோது வந்த பழக்கம் என்று ஒருவரிடம். சின்ன வயதில் சர்க்கஸ் பார்த்தபோது ஒரு ஊஞ்சல் ஆளில்லாமல் ஆடியதைப் பார்த்துப் பயந்துவிட்டதாக இன்னொருவரிடம். அவர் ராணுவத்தில் இருந்ததே இல்லை. சர்க்கஸ் பற்றி நான் விசாரிக்கவில்லை.

எங்கள் மைதானத்தில் ஆறு லேன் போடலாம். அவர் வந்த முதல் வருடம் விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் இறுதிப் போட்டிக்கு ஐந்து பேர்தான் நின்றார்கள். ஆறாவது ஆள் காலில் முள் குத்தி உட்கார்ந்துவிட்டான். தலைமை விருந்தினர் வந்து காத்திருக்கிறார். இவர் விசிலை வாயில் வைத்தவர் ஊதாமல் எடுத்தார். சுற்றிலும் பார்த்தார். கேன்டீன் டீ மாஸ்டர் விருந்தினருக்குத் தட்டில் டீ கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அந்தத் தட்ட கீழ வைங்க. செத்த நேரம் இங்க வந்து நில்லுங்க."

"எதுக்கு சார்?"

"சும்மா நில்லுங்க. விசில் அடிச்சா அந்தாப்பிடி ஓடுங்க."

டீ மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். விசில் அடித்ததும் ஓடினார். மூன்றாவதாக வந்தார். வத்திராயிருப்புப் பக்கம் மாடு மேய்த்த கால் அது என்று அவரே பிறகு பெருமையாகச் சொல்லிக்கொண்டார். நாலாவதாக வந்த பையன் அழுதுகொண்டே முறையிட்டான். பி.டி. சாருக்கு அவன் என்ன சொல்கிறான் என்றே புரியவில்லை.

"ஏலே, அவரு மூணாவது வந்தாரு. நீ நாலாவது வந்த. இதுல என்ன வழக்கு?"

மூன்றாம் பரிசுச் சான்றிதழ் டீ மாஸ்டருக்குத்தான் போனது. கேன்டீனில் பாய்லருக்கு மேலே பல வருடம் அது புகை படிந்து தொங்கியது. மாணவர்கள் கேன்டீனைப் புறக்கணித்து ஒருநாள் போராட்டம் செய்தார்கள். மறுநாள் பசித்தது, கைவிட்டார்கள். அவர் காலத்தில் கல்லூரி விளையாட்டைப் பற்றி எழுந்த முதல் சர்ச்சை அதுதான் என்று நினைக்கிறேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே மறந்துவிட்டோம்.

நல்லதுக்கும் அதே குணம்தான். ராஜபாளையத்தில் எங்கள் தலைமை எழுத்தர் வீட்டுக் கல்யாணம். அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. பந்தியில் தமிழும் தெலுங்கும் கலந்து சத்தம். எங்கள் வரிசையின் கடைசி இலையில் எல்லாம் பரிமாறியாகிவிட்டது. உட்கார வேண்டியவர் எங்கோ எழுந்துபோய்விட்டார். பி.டி. சார் சாதத்தில் கை வைக்கவில்லை. எழுந்து மண்டபத்து வாசலுக்குப் போனார். கிழிந்த சட்டையோடு ஒரு கைவண்டிக்காரரைத் தோளைப் பிடித்துக் கூட்டிவந்து, கைகழுவச் சொல்லி, அந்த இலையில் உட்காரவைத்தார். பெண் வீட்டார் முகம் சுளித்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"என் கூட வந்தவரு" என்றார் இவர்.

அந்த மனிதர் மூன்று தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். இவர் அதைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். அன்று அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாசலில் இறங்கும்போது, "அவரு பேர் என்ன சார்?" என்று கேட்டேன். "யாரு பேரு?" என்றார்.

அடுத்தது எண்பத்துநாலின் கிராஸ் கன்ட்ரி ஓட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு வனத்துறைச் சாவடிவரை ஓடித் திரும்ப வேண்டும். ஒரு அணிக்கு ஆறு பேர். ஆறு பேரும் வந்து சேர்ந்தால்தான் அணி என்று கணக்கு. எங்கள் ஆறாவது பையனுக்குக் காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடுதியில் படுத்திருந்தவனை இவரே போய் எழுப்பினார்.

"நீ ஓட வேண்டாம்ப்பா. நடந்தாவது வந்துரு. ஆறாவது ஆளுன்னு ஒருத்தன் வந்தான்னு இருக்கணும், அம்புட்டுதான்."

பையன் நடந்தான். வன்னியம்பட்டியைச் சேர்ந்த பையன். மலையடிவாரம்வரை போய்விட்டு, திரும்பும் வழியில் ஒரு மாந்தோப்பு வேலியோரம் விழுந்தான். அரசு மருத்துவமனையில் ஒரு வாரத்துக்கு மேல் கிடந்தான். அந்த நாட்கள் முழுவதும் பி.டி. சார் கட்டிலுக்கு அருகிலேயே இருந்தார். ரொட்டி வாங்கி வந்தார், ஈரத்துணி போட்டார், சிறுநீர்க் கலம் எடுத்து வைத்தார். பையனின் அம்மா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். "பெத்தவ கூட இப்பிடிப் பாக்க மாட்டா சார்" என்றாள். அவனை எழுப்பி ஓடவிட்டவர் யார் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பையனும் சொல்லவில்லை. பையனுக்கும் அவர்மீது அவ்வளவு பிரியம்.

பி.டி. சாரிடம் கபடம் கிடையாது. இதைச் சொல்லாவிட்டால் இனிமேல் சொல்லப்போவது வேறு மாதிரி ஆகிவிடும். தன் சம்பளத்தில் முட்டை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் அவர். ஒரு இடம் காலியானால் அந்த இடம் அவருக்குத் தெரியும். அங்கிருந்து போனவரோ, அங்கே வந்து நிற்பவரோ தெரியமாட்டார்கள். இதை நான் புரிந்துகொள்ள எண்பத்தாறு ஆனது.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு ஓட்டக்காரி இருந்தாள். செல்வமேரி. ஊர் வன்னியம்பட்டி. அப்பா தோட்டங்களில் கிணற்று மோட்டார் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பாடுவார். பெண் அரைக்கால் டிரவுசர் போட்டு ஓடுவதை ஊரில் பேசினார்கள், அவர், "கன்னுக்குட்டி ஓடுது, அதுக்கு எவன் பாவாடை கட்டுனான்?" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்தார். அவள் எண்ணூறு மீட்டர் ஓடுவாள். கடைசிச் சுற்றில் யாரையும் திரும்பிப் பார்க்கமாட்டாள். போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மனுப் போட்டிருந்தாள். நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது. பல்கலைக்கழக விளையாட்டு மீட்டில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் வேலை நிச்சயம் என்று சொன்னார்கள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய ஆள் அதுவரை ஒருவரும் இல்லை.

மீட் மதுரையில் நடந்தது. நான் போகவில்லை. போன மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலான விவரங்களில் மூவரும் ஒத்துப்போகிறார்கள். முதல் நாளே செல்வமேரி எண்ணூறு மீட்டரில் முதலாவது வந்துவிட்டாள். அவள் காரியம் அத்தோடு முடிந்தது. மறுநாள் பெண்களுக்கான நாலு நூறு ரிலே, ஆளுக்கு நூறு மீட்டர்; செல்வமேரி அதிலும் இருந்தாள். நால்வரில் மூன்றாவதாக ஓட வேண்டிய ராஜபாளையத்துப் பெண், முந்தின நாள் பஸ்ஸில் ஏறவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்களாம். ரிலேயை விட்டுவிடலாம் என்று மேலாளராகப் போன வரலாற்றுப் பேராசிரியர் சொன்னார். கேட்டுக்கொண்டே பி.டி. சார் பார்வையாளர் பக்கம் பார்த்திருக்கிறார்.

அங்கே பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். முந்தின வருடம் எங்கள் கல்லூரியில் படித்து முடித்துப் போனவள். சொந்த ஊர் கான்சாபுரத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். பழைய தோழிகள் ஓடுவதைப் பார்க்க, கையில் முறுக்குப் பொட்டலத்தோடு வந்திருந்தாள்.

முடியாது என்றுதான் சொன்னாளாம். "நான் இப்ப ஸ்டூடண்ட் இல்ல சார். விட்டு ஒரு வருசமாச்சு, தொப்பை வேற போட்டிருச்சு." அவர் கேட்கவில்லை. வராத பெண்ணின் ஜெர்சியையும் எண் எழுதிய துணியையும் செல்வமேரியின் கையில் கொடுத்து, "குத்தி விடு" என்றார். முன்னால் ஒன்று, முதுகில் ஒன்று. முதுகுத் துணியைத் தானே குத்திக்கொள்ள முடியாது. எப்போதும் கூட ஓடும் ஒருத்திதான் ஊக்கு குத்திவிடுவாள்.

ரிலேயில் எங்கள் கல்லூரி ஜெயித்தது. அதனால் பெண்கள் பிரிவின் கோப்பையும் எங்களுக்கு என்று ஆனது. மாட்டிக்கொண்டது பதக்கம் கொடுக்கும்போது. நால்வரையும் மேடைக்குப் பெயர் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மூன்றாவது பெயரை வாசித்ததும் பாக்கியம் கைதட்டினாள். கூப்பிட்டது தன்னைத்தான் என்று அவளுக்கு உறைக்கவில்லை. மறுபடி வாசித்தார்கள். இன்னும் பலமாகத் தட்டினாள். செல்வமேரி மேலிருந்து குனிந்து, "அக்கா, நீதான்" என்று சொன்னது மைக்கில் கேட்டதாக ஒருவர் சொல்கிறார். மற்ற இருவர் மைக்கைப் பற்றிச் சொல்லவில்லை. எப்படியானாலும், எதிர்க் கல்லூரிப் பயிற்சியாளர் கீழேதான் நின்றிருந்தார். முந்தின வருடம் பாக்கியம் சொந்தப் பெயரில் ஓடித் தன் மாணவியை ஜெயித்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று மாலையே புகார் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையில் கட்டம் கட்டி வந்தது: மாணவிகள் போட்டியில் ஆள்மாறாட்டம். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அதை ஒருவர் உரக்கப் படிக்க, மில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, அப்ப அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரன் யாரைத்தாம்ல பாத்துட்டுப் போனான்? ஓடுன பிள்ளையவா, ஓடாத பிள்ளையவா?"

"எவளைப் பாத்தா என்ன மாமா, ஓடிப் போகாம இருந்தாச் சரி."

சிரிப்பு அடங்க நேரமானது. பி.டி. சாரும் அங்கேதான் நின்று டீ குடித்தார். அவரும் சிரித்தார். என்னிடம், "பாத்துக்கிடலாம் தம்பி" என்றார்.

பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் விசாரணைக்கு வந்தார்கள். முதல்வர் அறையில் இடம் போதாது என்று எங்கள் ஆய்வகத்தைக் கொடுத்தார்கள். மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, அவர்களுக்குப் பின்னால் தெரிந்த பாம்புச் சாடிகளைத் துணியால் மூடிவைத்தது நான்தான். விசாரணைக்குச் சற்று முன்பு பி.டி. சார் பாக்கியத்தையும் செல்வமேரியையும் பக்கத்திலிருந்த சிறிய அறைக்குள் கூட்டிவந்தார். நான் அங்கே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

"பாக்கியம், சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். நானாத்தான் போனேன். ஜெர்சி கெடந்துச்சு, எடுத்துப் போட்டுக்கிட்டேன். சாருக்குத் தெரியாது. இவளுகளுக்கும் தெரியாது."

"அம்புட்டுதான். மேல ஒரு வார்த்தை வேண்டாம். ரிலே பதக்கத்தை மட்டும் பிடுங்கிட்டு விட்டுருவான். இவளோட எண்ணூறு நிக்கும். இண்டர்வியூக்குப் போயிரலாம்."

செல்வமேரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா பேரு பேப்பர்ல வந்தா, அவிய ஸ்கூல்ல என்ன சொல்லுவாங்க சார்?"

"அவ கோட்டுக்கு வெளிய இருக்கால்ல. வெளிய நிக்கவளுக்கு ஃபவுல் கிடையாது."

"விடுட்டி" என்றாள் பாக்கியம். "நான் ஒண்ணாப்புப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் குடுக்கேன். அதுக எந்தப் பேப்பரப் படிச்சுக் கிழிக்கப் போகுது."

சிரித்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

விசாரணைக் குழுத் தலைவர் மெதுவாகப் பேசுகிற மனிதர். பாக்கியம் தன் பாடத்தைத் தடுமாறாமல் ஒப்பித்தாள். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, டீயைக் கீழே வைத்து, அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"முதுகில எண் இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு சார்."

"யார் குத்தினாங்க?"

இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் கை தானாகத் தோளுக்குப் பின்னால் போய்ப் பாதியில் நின்றது. பி.டி. சார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"நான் குத்துனேன் சார்" என்றாள் செல்வமேரி, கடைசி பெஞ்சிலிருந்து.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன்னை நான் இன்னும் கூப்பிடலயே."

"இல்ல சார். ஆனா நான்தான் குத்துனேன். பி.டி. சார் குடுத்தாக, குத்துனேன். அக்கா முடியாதுன்னுதான் சொன்னா. முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தவள எந்திரிக்க வச்சது நாங்கதான்."

"உனக்குத் தெரிஞ்சேதான் நடந்துச்சுன்னா, அது உன்னையும் பாதிக்கும். தெரியுமா?"

"தெரியும் சார்."

அப்போது பி.டி. சார் எழுந்தார். நான் செய்தேன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது: "இந்தப் பிள்ளைக்கு அடுத்த வாரம் இண்டர்வியூ இருக்கு சார்."

"ரிலேக்கு முன்னாடியே அதை நீங்க நினைச்சிருக்கணும்" என்றார் தலைவர்.

தீர்ப்பு வரச் சில நாளானது. அந்த மீட்டில் எங்கள் பெண்கள் வாங்கிய எல்லாப் பதக்கமும் ரத்து. எண்ணூறு மீட்டரும் சேர்ந்து போனது. கல்லூரி சில வருடங்கள் பல்கலைக்கழகப் போட்டிகளில் கலந்துகொள்ளக் கூடாது. பி.டி. சாருக்குச் சம்பள உயர்வு நிறுத்தம், வேலை போகவில்லை. அலமாரி நிறையக் கோப்பை வாங்கிக் கொடுத்தவரை நிர்வாகம் விடவில்லை. பாக்கியத்தை அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு வர வேண்டாம் என்று நர்சரிப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். செல்வமேரி நேர்காணலுக்குப் போகவில்லை. கொண்டுபோய்க் காட்ட ஒன்றுமில்லை.

அவளுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை வாங்கிக் கொடுத்தது இவர்தான். மேலாளர் வீட்டுக்கு நாலைந்து முறை நடந்தார். கிடைத்த அன்று என்னிடம் ஓடிவந்து சொன்னார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஸ்பின்னிங்ல ஒரு ஆள் காலியா இருந்துச்சு தம்பி. பிள்ளைய அங்க போட்டாச்சு."

அந்த முகத்திடம் என்ன சொல்வது?

தடை நீங்கியது தொண்ணூறில். எண்பத்தொன்பது என்று ஒரு ஆண்டு மலரில் அச்சாகியிருக்கிறது; அது பிழை. அந்த வருடம் மீட்டுக்கு முந்தின சனிக்கிழமை மாலை, தன் மொபெட்டின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டார். எங்கே என்று கேட்டதற்கு, "வன்னியம்பட்டி வரைக்கும்" என்றார். பழைய பிள்ளையைப் பார்த்துவர ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

செல்வமேரி அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கொஞ்சம் மெலிந்திருந்தாள். அவள் அப்பா எழுந்து துண்டை உதறி, "வாங்க சார், வாங்க" என்று நாற்காலி போட்டார். அந்த வீட்டில் அவர்மேல் யாருக்கும் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. கருப்பட்டிக் காப்பி வந்தது. மழை பற்றிப் பேசினார்கள். பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார்.

"வர்ற வாரம் மீட் இருக்கும்மா. ரிலேல ஒரு ஆள் குறையுது. நீ டிராக்ல கால் வச்சு எம்புட்டு நாளாச்சு. உனக்கும் ஆசையா இருக்கும்ல?"

அவர் அதை உண்மையாகவே நினைத்துச் சொன்னார். அவளுக்கு ஏதோ கொடுக்க வந்தவர்போல இருந்தது குரல். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

செல்வமேரி கோபப்படவில்லை. "எந்தப் பேர்ல சார்?" என்று கேட்டாள்.

அவர் தயாராக இருந்தார். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியின் பெயரைச் சொன்னார். "அவளுக்கு அம்மை போட்டிருக்கு. உன் உசரந்தான் இருப்பா."

"இப்ப எப்பிடி இருக்கா?"

"யாரு?"

"அந்தப் பிள்ளை. அம்மை எறங்கிருச்சா?"

பி.டி. சார், "கேக்கல" என்றார்.

"கேளுங்க சார்" என்றாள் அவள். "எனக்கு நாளைக்குக் காலைல ஷிப்ட்." எங்கள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அப்பா வழியனுப்ப ரோடுவரை வந்தார்.

திரும்பும் வழியில் அவர் ராஜபாளையம் எல்லையில் வண்டியை நிறுத்தி, "அந்தப் பிள்ளை வீடு எங்க இருக்குன்னு தெரியுமா தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். சந்தைக்குப் பின்னால் ஒரு தெரு. நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியார் போகக் கூடாது என்பதால் இருவரும் தெருவிலேயே நின்றோம். யாரோ சொல்லி, அந்தப் பெண்ணின் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே பத்தாவது படிக்கும் இளைய மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இவர் தொண்டையைச் செருமினார். கேட்க வந்ததைக் கேட்பதற்குள் அந்த அம்மா பேசிவிட்டாள்.

"நீங்க வருவீயன்னு தெரியும் சார். அவளுக்கு இன்னும் தலைக்குத் தண்ணி ஊத்தல, எந்திரிச்சு நிக்க முடியல. இந்தா, அவ தங்கச்சி இருக்கா. நல்லா ஓடுவா. கூட்டிட்டுப் போங்க."

பி.டி. சார் அந்தச் சிறுமியைப் பார்த்தார். அவள் கால்களைப் பார்த்தார். பிறகுதான், வேண்டாம்மா என்றார். அதைச் சொல்ல அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.